மஞ்சள் பெட்டி சம்மதிக்கவில்லை

ரோவீனா ஹக்கபி சொந்தமாக வாங்கிய முதல் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது. ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, உள்ளே போனால் திரும்பி நிற்க முடியாத குளியலறை, கூரையில் ஒரு ஏசி. முன்பு வைத்திருந்தவர் வெளிச்சுவரில் வெள்ளை பெயிண்டை வாரி இறைத்திருந்தார். ட்ரெய்லர் செய்த கம்பெனி ஒட்டியிருந்த மின்சாரக் குறிப்புகள் எல்லாம் அதற்குள் புதைந்துவிட்டன. ஆனாலும் அது அவளுடையது. வேலை எந்த ஊரில் கிடைத்தாலும் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.

அவள் பிறந்தது ஆர்கன்சா மலையோரத்தில், நான்கு கோழிக் கொட்டகைகளுக்கு நடுவே. அப்பா ஓடெல் ஹக்கபி ஒரு கோழிக் கம்பெனிக்காகக் கோழி வளர்ப்பவர். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் கவலையும் இவருடையது. ஹக்கபி குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் ரோவீனாதான். படித்தது எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. பட்டம் வாங்கிய அன்று அத்தை நடின் சர்ச் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுப் பொண்ணு மனுசனுக்குள்ள எட்டிப் பாக்குறவ, ஜாக்கிரதையா இருந்துக்கங்க" என்று சொன்னாள்.

படிப்பு அவளுக்குச் சோறு போட்டது. கூடவே ஓர் அரிப்பையும் தந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால், புத்தகத்து வார்த்தை ஒன்று நழுவி விழும். பெருமையடிக்கிறோமா என்று உடனே தன்னையே கேட்டுக்கொள்வாள். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாலோ, எதற்கு இப்படி ஒளிக்கிறோம் என்று தோன்றும். இரண்டில் எது மரியாதை என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை. மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் அங்கே என்று ஒப்பந்த வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. முதல் ஒப்பந்தம் ஓக்லஹோமாவில். அங்கே ட்ரெய்லர் வீடுகளை நிறுத்தும் பார்க் ஒன்றில் வாடகை ட்ரெய்லரில் தங்கினாள். பக்கத்து இடத்தில் கார்லீன் என்பவள் பெரிய ட்ரெய்லர் ஒன்றை நிறுத்தியிருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் சமையல்காரி. ஒரு சாயங்காலம் கார்லீன் வீட்டு விளக்குகளில் பாதி கண் கூசும்படி பொங்கின, மீதி மங்கிச் செத்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. பார்க்கின் பழைய இணைப்பில் நியூட்ரல் கம்பி கழன்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள். டிவி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன.

கார்லீன் சின்னதாக ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவி வாங்கி மாட்டித்தான் வைத்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பச்சை லைட்டு எரிஞ்சுதுடீ ரோவீனா. எல்லாம் வெந்துக்கிட்டிருந்தப்பவும் இது பச்சையா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

அந்தப் பச்சை விளக்கு ரோவீனாவின் மனதில் தங்கிவிட்டது. சொந்த ட்ரெய்லர் வாங்கியதும் திரைச்சீலைக்கு முன், தலையணைக்கு முன், அவள் கடைக்குப் போனது அதற்காகத்தான்.

ட்ரெய்லர் சாமான் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கருவிகள் தொங்கின. கடைக்காரர் டூயி, காதில் பென்சில் செருகிய மனிதர், சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது போதும்மா. முக்காவாசிப் பேரு இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"இது என்ன செய்யும்?"

"இடி மின்னலடிச்சா ஒரு நொடியில குபீர்னு ஏறி வருமில்ல, அதை வாங்கி விழுங்கிக்கும்."

"தப்பான கரன்ட் அடங்காம வந்துக்கிட்டே இருந்தா? நிறுத்துமா?"

"நிறுத்தாது. தாங்கும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

டூயி பென்சிலை எடுத்துக் காதுக்குப் பின்னால் சொறிந்தார். "அதை எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல."

ரோவீனா மேல் கொக்கியில் தொங்கிய மஞ்சள் பெட்டியைக் காட்டினாள். செங்கல் அளவு, நல்ல கனம், விலையும் அதற்கேற்ற கனம். அது மின்சாரத்தை முதலில் தானே சோதிக்கும். வோல்ட் கூடினாலோ குறைந்தாலோ, கம்பி மாறியிருந்தாலோ, எர்த் இல்லாவிட்டாலோ, வெட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு நிமிடம் போல் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

"இதுல ஒரு தொல்லை இருக்கு" என்றார் டூயி. "மத்தியானம் எல்லாரும் ஏசி போடுறப்ப பார்க்குல வோல்ட் இறங்கும். இது பட்டுன்னு வெட்டிடும். நீ உள்ள வேர்த்துக்கிட்டு இதைத் திட்டுவே. நெறைய பேரு திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"இறங்கின வோல்ட்ல ஏசி ஓடினா என்ன ஆகும்?"

"மோட்டார் வேகும்."

"அப்ப அது செய்யுறது சரிதானே?"

"சரிதான். ஆனா சரியா இருக்குறவங்களோட குடித்தனம் பண்றது கஷ்டம் பாத்துக்கோ. என் பொண்டாட்டியைக் கேளு."

அதிலும் இரண்டு வகை இருந்தது. ட்ரெய்லருக்குள்ளேயே கம்பியை வெட்டி நிரந்தரமாகப் பொருத்துவது ஒன்று. வெளியே ட்ரெய்லருக்குக் கரன்ட் கொடுக்கும் கம்பத்தில் மாட்டி, பூட்டுப் போட்டு, கிளம்பும்போது கழற்றி எடுத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது திருடு போகாது, மழையில் நனையாது. ரோவீனா இரண்டாவதை எடுத்தாள். ட்ரெய்லரை மாற்றினாலும் கூட வரும் என்று டூயியிடம் சொன்னாள். உண்மையான காரணம் அதுதானா என்று வண்டியில் உட்கார்ந்து யோசித்தாள். உள்ளே பொருத்த அப்பாவைக் கேட்க வேண்டியிருக்கும். ஏன், எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் வெளியே மாட்டுவதை எடுத்தாளோ என்னவோ.

வெளியே மாட்டுவதற்கும் அப்பா போனில் கேட்டார். "என்னத்துக்கும்மா அது? கரன்ட்டுக்குள்ள என்ன பேயா உக்காந்திருக்கு?"

"போற ஊரெல்லாம் எப்படி இருக்கும்னு தெரியாதுல்லப்பா."

"போற ஊருக்கு வச்சுக்கோ. இங்க உனக்கு நான் இழுத்து வச்சிருக்கேன் பாரு, ராஜா வீட்டு லைன்!"

உண்மையிலேயே இழுத்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. கொட்டகைப் பக்கத்து மீட்டர் பெட்டியிலிருந்து வேலியோர ஹிக்கரி மரம் வரைக்கும், மண்ணைவிடக் கல் அதிகமாக இருக்கும் அந்த மேட்டில், கடப்பாரை போட்டுப் பள்ளம் தோண்டியிருந்தார். குழாய் புதைத்து, கம்பி இழுத்து, ஒரு மரக்கம்பம் நட்டு, ட்ரெய்லருக்கான முப்பது ஆம்ப்ஸ் சாக்கெட் ஒன்றையும் மாட்டியிருந்தார். ட்ரெய்லர் நிற்பதற்குச் சரளை பரப்பிச் சமன் செய்திருந்தார். அம்மா டார்லா போனை வாங்கி, "முதுகைப் பிடிச்சுக்கிட்டே தோண்டினார்டி. வேண்டாம்னு சொன்னா, 'அவ எங்க சுத்திட்டு வந்தாலும் வீட்டை நிறுத்த இங்க ஒரு இடம் வேணாமா'ன்னு கேக்குறாரு" என்றாள்.

கல்லூரியில் இருந்த நாட்களில் ரோவீனா பயந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: போகப் போகத் தனக்கு அந்த வீட்டில் இடம் இல்லாமல் போய்விடுமோ என்று. அவளுக்கே சொல்லாமல் அவர் அந்த இடத்தைக் கல்லில் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமை அவள் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை கான்சாஸில் வேலையில் சேர வேண்டும். அன்று மத்தியானமே அம்மா பவுண்டு விருந்து வைத்திருந்தாள். புதுக் குடித்தனம் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் செய்கிற முறை அது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பவுண்டு ஏதாவது கொண்டுவர வேண்டும். மாவு, சர்க்கரை, காப்பித்தூள், வெண்ணெய், ஆணி கூட வரும். பாதிரியார் குடும்பம் பீன்ஸ் கொண்டுவந்தது. நடின் அத்தை காப்பித்தூளோடு வந்து, ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள உங்கப்பன் கால் நீட்டிப் படுத்தா கதவைத் திறந்து வைக்கணும் போலிருக்கே!"

"அவர் எதுக்கு அத்தை படுக்கப் போறாரு?"

"உங்கம்மா திட்டினா வேற எங்க போவான்?"

ஆகஸ்ட் வெயில் தகரக் கூரையில் கொதித்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் மரத்தடியில் நாற்காலி போட்டு, முதல் விளக்கு எரிவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். ஓடெல் கம்பத்துப் பக்கத்தில், சலவைச் சட்டை போட்டு, ரிப்பன் வெட்டப் போகிறவர் மாதிரி நின்றார். அவர் பிரேக்கரை அணைத்தார். ரோவீனா மஞ்சள் பெட்டியைச் சாக்கெட்டில் மாட்டினாள். ட்ரெய்லரின் தடித்த வயரைப் பெட்டியில் செருகினாள். அவர் பிரேக்கரைப் போட்டார்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் 243 என்று வந்தது. ட்ரெய்லருக்குள் ஒன்றும் எரியவில்லை.

"என்னவாம்?" என்றார் ஓடெல்.

"வோல்ட் ஜாஸ்தின்னு வெட்டிடுச்சுப்பா. இருநூத்தி நாப்பத்தி மூணு காட்டுது."

"ஆமா, அதுதானே வரணும்!" அவர் முகம் மலர்ந்தது. "நேத்தே மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். முப்பது ஆம்ப்ஸ்னா இருநூத்தி நாப்பதுதான். நம்ம கொட்டகை ஃபேன் எல்லாம் அப்படித்தானே ஓடுது? அம்மாவோட துணி காயவைக்கிற மெஷினும் அதே முப்பதுதான்."

ரோவீனாவுக்குத் தான் படித்தது நினைவுக்கு வந்தது. மீட்டர் பெட்டிக்கு இரண்டு பேஸ் வருகிறது. ஒரு பேஸையும் நியூட்ரலையும் எடுத்தால் நூற்றிருபது வோல்ட். விளக்கு, டிவிக்கு அது. இரண்டு பேஸையும் சேர்த்தால் இருநூற்று நாற்பது. கொட்டகையின் பெரிய மோட்டார்களுக்கு அது. ஓடெல் வாழ்நாளில் போட்ட முப்பது ஆம்ப்ஸ் லைன் எல்லாம் இரண்டாவது வகை. ட்ரெய்லரின் முப்பது மட்டும் முதல் வகை. அவர் கை, பழகிய வழியிலேயே போயிருக்கிறது.

"அப்பா, ட்ரெய்லருக்கு நூத்தியிருபதுதான். இது டபுளா வருது."

"யாரு சொன்னது?"

"படிச்சேன்."

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மரத்தடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரெய்லர் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைக் காட்டலாம் என்றால் அங்கே வெள்ளை பெயிண்ட்தான் இருந்தது.

ஓடெல் சிரித்த மாதிரி செய்தார். "கண்ணு, நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து நான் கம்பி இழுக்குறேன். அந்த மஞ்சள் பொம்மையைக் கழட்டு. நேரா செருகு. ஏசி ஓடலைன்னா அப்புறம் பேசு."

"டேய் ஓடெல், சீக்கிரம் ஏதாவது பண்ணு. என் கேக்கு மேல இருக்குற க்ரீம் சூப்பாயிருச்சு" என்றாள் நடின்.

அவர் வயரைப் பெட்டியிலிருந்து உருவினார். பெட்டியைக் கழற்றக் கை நீட்டினார். ரோவீனா கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவள் படித்தது போனில், ராத்திரி டூட்டியின் சாப்பாட்டு நேரத்தில், ஒரு வாரம். அவர் செய்தது கையால், ஒரு ஆயுசு. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? இந்த ட்ரெய்லர் வேறு மாதிரியோ? அவர் சொன்னபடி நேராகச் செருகி, இவள் படித்தது உண்மையாக இருந்தால், ஏசி, ஃபிரிட்ஜ், உள்ளே இருக்கும் கம்பி எல்லாம் கண் முன்னால் எரியும். திங்கட்கிழமை போவதற்கு வேலை இருக்கும், வீடு இருக்காது. செருகவிடாமல் நின்றால், கல்லுடைத்து லைன் இழுத்த மனிதரிடம், அவருடைய சொந்தக்காரர்கள் முன்னால், உங்கள் கையை நம்பவில்லை என்று சொல்வதாக ஆகும். அவர் சட்டைக் கழுத்தில் வேர்வை படிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"நகரும்மா."

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம கொட்டகையில ஃபேன் நின்னா கத்துற அலாரம் இருக்குல்ல. ராத்திரி அது கத்தினா என்ன செய்வீங்க?"

"ஓடுவேன்."

"போன தடவை ஒண்ணுமில்லாமலே கத்துச்சே. 'சனியன் பொய் சொல்லுது'ன்னு திரும்பிப் படுத்தீங்களா?"

ஆகஸ்ட் வெக்கையில் ஃபேன் நின்றால் ஒரு கொட்டகைக் கோழி என்ன ஆகும் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். அலாரம் கத்தினால் ஓடெல் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார். போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்றால், அலாரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவார்.

"அது கத்துது, நான் போய்ப் பாக்குறேன். அவ்வளவுதான்" என்றார் கடைசியில், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

"இதுவும் கத்துதுப்பா. பாத்துடுவோம். பாத்துட்டு நீங்க சொல்றபடி செய்றேன்."

ஓடெல் திரும்பிக் கொட்டகைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அம்மா எழுந்தாள். ஆனால் அவர் கையில் வேலை விளக்கோடு திரும்பி வந்தார். கம்பிக் கூண்டுக்குள் பழைய குண்டு பல்பு போட்ட, ராத்திரி மோட்டார் பார்க்கிற விளக்கு.

"பெரிய சாக்கெட்டுல சாதா பிளக் மாட்டுற அந்தச் சின்ன அடாப்டர் உன்கிட்ட இருக்கா? இதைச் செருகுறேன். உன் ட்ரெய்லருக்குள்ள இருக்குற மாதிரி சாதா பல்புதான் இது. இது தாங்கினா உள்ள இருக்குறதும் தாங்கும். என் லைன்ல என்ன கோளாறுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

பிரேக்கரை அணைத்து, பெட்டியைக் கழற்றி, அடாப்டரை மாட்டி, விளக்கைத் தள்ளிக் கட்டாந்தரையில் வைத்தார். பிரேக்கரைப் போட்டார்.

பல்பு வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டியது. பட்டப்பகலில் கூடக் கண் கூசியது. டப்பென்று வெடித்துக் கண்ணாடித் தூள் கூண்டுக்குள் சிதறியது.

நடின் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "வெளக்குப் போடுடான்னா சூரியனையே இறக்கிட்டியேடா!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. பாதிரியார் கூட பீன்ஸ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஓடெல் சிரிக்கவில்லை. அவர் உடைந்த பல்பைப் பார்த்தார். அப்புறம் வெள்ளை ட்ரெய்லரைப் பார்த்தார், அதன் சின்ன ஜன்னலை, அதற்குள் டார்லா கட்டிக்கொடுத்த திரைச்சீலையை.

ரோவீனாவுக்கு ஜெயித்த உணர்வு வரவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருந்தது.

"பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மீட்டர் பெட்டிக்குப் போனார். அவளும் பின்னால் போனாள். அவர் மெயினை அணைத்தார். இரட்டை பிரேக்கரைக் கழற்றி, உதிரி டப்பாவில் தேடி ஒற்றை பிரேக்கர் ஒன்றைப் போட்டார். வெள்ளைக் கம்பியில் பேஸ் என்று அடையாளத்துக்குச் சுற்றியிருந்த சிவப்பு டேப்பை உரித்தார். அந்தக் கம்பியை இந்தப் பக்கம் கொண்டுவந்து நியூட்ரல் பட்டையில் முறுக்கினார். ஒரு கம்பி, அவ்வளவுதான். பள்ளம், குழாய், கம்பம், சாக்கெட், எர்த் எல்லாம் அப்படியே குறையில்லாமல் இருந்தன.

"மீட்டர்ல பாத்தப்ப சந்தோசப்பட்டேன் தெரியுமா" என்றார் திருப்புளியைத் திருகிக்கொண்டே. "நம்பர் அவ்வளவு சுத்தமா வந்துச்சு."

"எனக்கும் நிச்சயமாத் தெரியலைப்பா. நீங்க சொல்றதுதான் சரியோன்னு பாதி மனசு."

"அப்ப ஏன் குறுக்க நின்னே?"

"அந்தப் பாதிக்காக வீட்டை எரிக்க மனசு வரல."

அவர் தலையாட்டினார். மறுபடி மெயினைப் போட்டார். கம்பத்துக்கு வந்து, மஞ்சள் பெட்டியை அவரே எடுத்து மாட்டி, வயரை அவரே அதில் செருகினார். திரையில் 121 என்று வந்தது. சிவப்பு விளக்கு இல்லை. ட்ரெய்லரிலும் சத்தமில்லை.

"இப்ப என்ன கேடு இதுக்கு?" என்றாள் நடின்.

"யோசிக்குது அத்தை. ரெண்டு நிமிசம்."

"இதுவும் காலேஜ் போயிருக்கும் போல."

அந்த இரண்டு நிமிடமும் ஓடெல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார், கன்றுக்குட்டியின் நெற்றியில் வைப்பதுபோல. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ட்ரெய்லரின் விளக்கு எரிந்தது. கூரையில் ஏசி முனகி, தும்மி, ஓடத் தொடங்கியது. நடின் அத்தை கேக்கைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் ரோவீனா, "லைன் இழுத்ததுக்கு நன்றி."

"எந்த லைனு? முதல்ல இழுத்ததா, ரெண்டாவதா இழுத்ததா?"

"பள்ளம் தோண்டினதுக்கு."

அவர் அவள் தலையை ஒரு தள்ளு தள்ளினார்.

சாப்பிடும் முன் ஜெபம் சொல்வது வீட்டுக்காரர் பொறுப்பு. பாதிரியார் இருந்தாலும் அந்த முற்றத்தில் ஓடெல்தான் சொல்வார். வார்த்தைகள் மாறவே மாறாது. உணவுக்கு நன்றி, சமைத்த கைகளுக்கு நன்றி, மழைக்கு நன்றி, ஆமென். பிள்ளைகள் 'மழை' வந்ததுமே கரண்டியை எடுத்துவிடுவார்கள். அன்றும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்தார். உணவைச் சொன்னார், கைகளைச் சொன்னார், மழையைச் சொன்னார். கரண்டிகள் எழுந்தன. அவர் ஆமென் சொல்லவில்லை.

"அப்புறம் ஆண்டவரே, இன்னைக்கு வேண்டாம்னு எனக்கு முன்னாடி வந்து நின்னதுக்கும் நன்றி."

பெட்டியைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று ரோவீனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. கண்ணை மூடியபடியே இருந்தாள், திறந்தால் வழிந்துவிடும்.

ட்ரெய்லர் ஜன்னல் திறந்தது. "ஆமென் சொல்லித் தொலைடா, பீன்ஸ் ஆறுது!" என்றாள் நடின்.

"ஆமென்" என்றார் ஓடெல்.